கையடக்க ஸ்கேனருக்கு ஜிபிஎஸ் மாட்யூல்: இரண்டு வயர் போதுமா?

வாசகர் கேள்வி, 1 மார்ச் 2024

ஒஹாயோவில் இருக்கிறேன். வேலை நிமித்தம் வாரம் இரண்டு முறை கொலம்பஸிலிருந்து கிளீவ்லாந்துக்குக் கார் ஓட்டுகிறேன். ஒவ்வொரு கவுண்டியை (மாவட்டத்தை) தாண்டும்போதும், காவல், தீயணைப்பு வானொலிப் பேச்சைக் கேட்கும் ஸ்கேனரில் அலைவரிசைப் பட்டியலைக் கையால் மாற்ற வேண்டியிருக்கிறது. பத்து டாலருக்கு ஜிபிஎஸ் மாட்யூல் கிடைக்கிறது. இரண்டு வயரைச் சேர்த்தால் வேலை முடிந்தது என்கிறார் நண்பர். ஸ்கேனர் நிறுவனம் விற்கும் ஜிபிஎஸ்ஸுக்கு ஏன் அவ்வளவு விலை கொடுக்க வேண்டும்?

2 மார்ச் 2024

முதலில் வயர் கணக்கு. மின்சாரத்துக்கு ஒன்று, தரைக்கு (கிரவுண்ட்) ஒன்று, தரவுக்கு ஒன்று என மூன்று வேண்டும். மாட்யூலிடமிருந்து ஸ்கேனர் கேட்டுக்கொள்கிறதே தவிர அதற்குப் பதில் சொல்வதில்லை என்பதால் நான்காவது வயருக்கு வேலை இல்லை. உங்கள் நண்பர் ஒன்றை மறந்துவிட்டார்.

ஜிபிஎஸ்ஸால் ஸ்கேனருக்கு என்ன பயன் என்று அறியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். அமெரிக்காவில் காவல், தீயணைப்பு, ஆம்புலன்ஸ், நெடுஞ்சாலைத் துறை ஆகியவற்றின் அலைவரிசைகள் கவுண்டிக்குக் கவுண்டி மாறுகின்றன. ஸ்கேனரில் ஒவ்வொரு வானொலி அமைப்புக்கும் ஓர் அட்சரேகை, ஒரு தீர்க்கரேகை, மைல் கணக்கில் ஓர் ஆரம் ஆகியவற்றைக் கொடுத்துவைத்தால், நாம் அந்த வட்டத்துக்குள் நுழைந்ததும் அது தானாகவே அந்த அமைப்பைக் கேட்கத் தொடங்கும், வெளியேறியதும் விட்டுவிடும். 2010இல் வந்த யூனிடன் ஹோம்பேட்ரோல்-1 இந்த எண்ணத்தைப் பொதுமக்களுக்கு எளிதாக்கியது. அஞ்சல் குறியீட்டு எண்ணைக் கொடுத்தாலே போதும், அலைவரிசைகளைத் தொகுத்துவைக்கும் ரேடியோரெஃபரன்ஸ் தளத்தின் தரவிலிருந்து சுற்றுவட்டார அமைப்புகளை அதுவே எடுத்துக்கொள்ளும். ஓடும் வண்டியில் அஞ்சல் எண்ணை மாற்றிக்கொண்டே இருக்க முடியாது என்பதால்தான் ஜிபிஎஸ் தேவைப்படுகிறது.

என்னிடம் இருப்பது மூன்று ஏஏ பேட்டரியில் ஓடும் பழைய கையடக்க ஸ்கேனர். பக்கவாட்டில் நான்கு முனைகள் கொண்ட தொடர் துறை (சீரியல் போர்ட்) ஒன்று இருக்கிறது. யு-பிளாக்ஸ் நியோ-6எம் சிப் உள்ள மாட்யூல் ஒன்றும் மேசை இழுப்பறையில் கிடக்கிறது. இந்த வாரம் இரண்டையும் இணைத்துப் பார்த்து எழுதுகிறேன். மாட்யூலுக்கு 5 வோல்ட் கொடுத்தால் போதும்.

3 மார்ச் 2024

நேற்று எழுதியதன் கடைசி வரியைத் தயவுசெய்து அழித்துவிட்டுப் படியுங்கள். நியோ-6எம் சிப்புக்கு உரிய மின்னழுத்தம் 2.7 முதல் 3.6 வோல்ட் வரை மட்டுமே. கடைகளில் விற்கும் சிறிய பலகையில் 3.3 வோல்ட் ரெகுலேட்டர் சேர்ந்தே இருப்பதால்தான் 5 வோல்ட்டைத் தாங்குகிறது. பலகை இல்லாத வெறும் மாட்யூலை வாங்கி 5 வோல்ட் கொடுத்தால், அது கடைசியாகக் காட்டும் இடம் உங்கள் மேசையாகவே இருக்கும்.

9 மார்ச் 2024

இணைத்தேன். ஸ்கேனர் கல்லைப் போல உட்கார்ந்திருந்தது.

நடந்ததை ஒழுங்காகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நான்கு மாலைகள் இதில் போயின. முதல் மாலையை நான் வீணடித்ததற்கு எந்தத் தொழில்நுட்பமும் காரணம் அல்ல. தரைக்கீழ் அறையில் இருக்கும் என் மேசையிலேயே மாட்யூலை வைத்துவிட்டு, இடம் கிடைத்தால் மட்டுமே சிமிட்டும் அந்தச் சிறு விளக்கை நாற்பது நிமிடம் பார்த்துக்கொண்டிருந்தேன். தலைக்கு மேலே இரண்டு மாடி இருக்கும்போது செயற்கைக்கோள் எப்படித் தெரியும்? மாடி ஜன்னல் விளிம்பில் கொண்டுபோய் வைத்ததும் ஒரு நிமிடத்துக்குள் சிமிட்டியது.

இரண்டாம் மாலை வேகத்தைப் பார்த்தேன். மாட்யூல் கடையிலிருந்து வரும்போது 9600 பாட் (நொடிக்கு 9600 பிட்) வேகத்தில் பேசும். என் ஸ்கேனரோ, ஜிபிஎஸ் கருவிகள் பேசும் மொழிக்கான தரநிலையான என்எம்இஏ 0183 வகுத்த பழைய 4800 பாட் வேகத்தை எதிர்பார்க்கிறது. யு-பிளாக்ஸ் இலவசமாகத் தரும் யு-சென்டர் மென்பொருளைக் கணினியில் நிறுவி வேகத்தை 4800க்கு இறக்கினேன். அப்போதுதான் அடுத்த சிக்கல் கண்ணில் பட்டது. ஓர் எழுத்துக்குத் தொடக்க, முடிவு பிட்களையும் சேர்த்துப் பத்து பிட் ஆகும். ஆகவே 4800 பாட்டில் நொடிக்கு 480 எழுத்துகளுக்கு மேல் போகாது. மாட்யூலோ எந்தச் செயற்கைக்கோள் எந்தத் திசையில், எவ்வளவு வலுவாகத் தெரிகிறது என்பது உட்பட ஆறு வகை வாக்கியங்களை நொடிக்கு ஒருமுறை அனுப்புகிறது. வானம் திறந்திருந்தால் அவை மொத்தமாகவே அந்த எல்லையைத் தொட்டுவிடும். ஸ்கேனருக்கு வேண்டியவை ஜிஜிஏ, ஆர்எம்சி என்ற இரண்டு மட்டும்தான். மற்ற நான்கையும் அணைத்த பிறகு நொடிக்கு 150 எழுத்து அளவில் நின்றது. குறுகிய சந்துக்குள் ஊர்வலத்தை அனுப்பிவிட்டு, நெரிசல் ஏன் என்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

அப்படியும் ஸ்கேனர் வாய் திறக்கவில்லை.

10 மார்ச் 2024

மூன்றாம், நான்காம் மாலைகளில் விடை கிடைத்தது, அதுவும் மல்டிமீட்டரால். ஸ்கேனரின் தொடர் துறையில் தரவு வெளியே வரும் முனையை அளந்தபோது, எதுவும் பேசாமல் சும்மா இருக்கும் நிலையில் மைனஸ் 5.4 வோல்ட் காட்டியது. அதாவது அது ஆர்எஸ்-232 முறையில் பேசுகிறது. கேட்பதையும் அதே முறையில்தான் கேட்கும். ஆர்எஸ்-232இல் ‘ஒன்று’ என்றால் எதிர் மின்னழுத்தம், ‘பூஜ்யம்’ என்றால் நேர் மின்னழுத்தம். மாட்யூல் பேசும் டிடிஎல் முறையில் ‘ஒன்று’ என்றால் 3.3 வோல்ட், ‘பூஜ்யம்’ என்றால் தரை. இரண்டும் ஒன்றுக்கொன்று தலைகீழ். மேக்ஸ்3232 என்ற சிப்பை நடுவே வைத்தேன். அது மின்னழுத்தத்தை உயர்த்துவதோடு தலைகீழாகவும் திருப்பித் தருகிறது. மூன்று வயர் என்று நான் சொன்ன கணக்கு இப்போது ஒரு சிப், ஐந்து சிறு கெப்பாசிட்டர், ஏழு பற்றவைப்புகள் என்று வளர்ந்துவிட்டது.

மேக்ஸ்3232ஐ இணைத்து மாடி ஜன்னலில் வைத்த பத்தாவது நொடியில் ஸ்கேனர் திரையில் அட்சரேகை வந்தது. மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். “நம்ம வீடு எங்க இருக்குன்னு தெரிஞ்சிக்க ஒரு வாரமா?” என்று கேட்டுவிட்டுக் கீழே போய்விட்டார்.

எல்லோருக்கும் இந்தச் சிப் தேவைப்படாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். சில ஸ்கேனர்களின் துறை டிடிஎல் அளவிலேயே கேட்கும். அவற்றில் ஆர்எஸ்-232 கொடுத்தால்தான் ஆபத்து. கேபிளைச் செருகுவதற்கு முன் மீட்டரால் அளந்துவிடுங்கள். சும்மா இருக்கும்போது எதிர்க்குறி காட்டினால் ஆர்எஸ்-232, 3.3க்கு அருகில் நேர்க்குறி காட்டினால் டிடிஎல்.

மாலையில் டெலவேர் நகரத்துக்கு ஓட்டிப்போய், நடுச்சந்தியில் நிறுத்தி, மாட்யூலின் வெளியீட்டை மடிக்கணினியில் குறித்துக்கொண்டு முதல் வட்டத்தையும் உள்ளிட்டுவிட்டேன்: மையம் வடக்கு 40.1792, மேற்கு 83.0408, ஆரம் 8 மைல். உங்களுக்கும் வழியில் அந்த ஊர் அருகே வரும் என்பதால் எடுத்துக்கொள்ளலாம்.

16 மார்ச் 2024

மேலே கொடுத்த எண்களை யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

வேறொரு வாசகர், அந்த எண்கள் காட்டும் இடம் டெலவேர் நகரத்துக்குத் தெற்கே எட்டு மைலுக்கும் அப்பால் இருக்கிறதே என்று கேட்டிருந்தார். அவர் கேட்டது சரி. மாட்யூல் எழுதியது 4017.92 என்று. அதை நான் நூறால் வகுத்து 40.1792 பாகை என்று எடுத்துக்கொண்டேன். என்எம்இஏ வாக்கியத்தில் அட்சரேகையின் முதல் இரண்டு இலக்கங்களும் தீர்க்கரேகையின் முதல் மூன்று இலக்கங்களும் பாகை, மிச்சமிருப்பது நிமிடம். 40 பாகை 17.92 நிமிடம் என்பதை, நிமிடத்தை அறுபதால் வகுத்தே தசமமாக்க வேண்டும். 17.92ஐ அறுபதால் வகுத்தால் 0.2987. ஆகவே சரியான மையம் வடக்கு 40.2987. அதேபோல் 08304.08 என்பது மேற்கு 83.0680. இந்தப் பிழை எல்லா இடத்திலும் ஒரே அளவில் இருப்பதில்லை என்பதுதான் இதன் விஷமம். நிமிடம் பூஜ்யமாக இருக்கும் இடத்தில் பிழையே தெரியாது. ஐம்பத்தொன்பதை நெருங்கும்போது இருபத்தைந்து மைலைத் தாண்டிவிடும். வீட்டில் சோதித்தபோது சரியாக இருந்த கணக்கு அடுத்த கவுண்டியில் சொதப்பும்.

இந்தத் தவறு மனிதன் எண்ணை எடுத்து எழுதும்போது மட்டும் வருவது. வாக்கியத்தை நேராக வாங்கிக்கொள்ளும் ஸ்கேனர் நிமிடத்தையும் பாகையையும் குழப்பிக்கொள்ளவில்லை.

17 மார்ச் 2024

இதற்கிடையில் ‘புதியது நன்றாக இருக்கும்’ என்ற ஆசையில் எம்8 தலைமுறை மாட்யூல் ஒன்றையும் வாங்கினேன். நியோ-6எம் அமெரிக்காவின் ஜிபிஎஸ் செயற்கைக்கோள்களை மட்டும் பார்க்கும். எம்8 ரஷ்யாவின் குளோனாஸையும் சேர்த்துப் பார்க்கும். ஜன்னலில் வைத்தவுடன் அது கிடுகிடுவென்று இடத்தைப் பிடித்தது. ஸ்கேனரோ திரும்பவும் கல்லாகிவிட்டது.

காரணத்தைக் கண்டுபிடித்தபோது சிரிப்புத்தான் வந்தது. ஜிபிஎஸ் மட்டும் பார்க்கும் மாட்யூல் தன் வாக்கியத்தை ‘ஜிபி’ என்ற இரண்டு எழுத்துகளில் தொடங்கும். பல நாட்டுச் செயற்கைக்கோள்களைக் கலந்து கணக்கிடும் மாட்யூல் ‘ஜிஎன்’ என்று தொடங்கும். என் பழைய ஸ்கேனருக்கு ‘ஜிஎன்’ என்ற பெயரில் யாரையும் தெரியாது. அறிமுகமில்லாதவர் எவ்வளவு துல்லியமாகப் பேசினாலும் அது காதில் போட்டுக்கொள்வதில்லை. யு-சென்டரில் குளோனாஸை அணைத்து ஜிபிஎஸ்ஸை மட்டும் விட்டதும் ‘ஜிபி’ திரும்பி வந்தது. கூடுதல் பணம் கொடுத்து வாங்கிய வசதியை அணைத்த பிறகுதான் பொருள் வேலை செய்தது.

நடுவே ஒரு மைக்ரோகன்ட்ரோலரை (நிரல் எழுதி இயக்கும் சிறு சிப்பை) வைத்து அந்த ஓர் எழுத்தை மட்டும் மாற்றி அனுப்பலாமே என்று கேட்டிருக்கிறார்கள். அனுப்பலாம். ஆனால் வாக்கியத்தின் முடிவில், நட்சத்திரக் குறிக்குப் பின்னால், எல்லா எழுத்துகளையும் எக்ஸ்ஓஆர் என்ற பிட் கணக்கால் சேர்த்த செக்சம் (பிழையைக் காட்டிக்கொடுக்கும் எண்) ஒன்று வருகிறது. எழுத்தை மாற்றிவிட்டுச் செக்சமை அப்படியே விட்டால் ஸ்கேனர் வாக்கியத்தையே தூக்கி எறிந்துவிடும். மாறுவது ஒரே எழுத்து என்பதால் பழைய செக்சமைத் தசம எண் 30உடன் ஒருமுறை எக்ஸ்ஓஆர் செய்தாலே போதும். முழுவதையும் மறுபடி கூட்ட வேண்டியதில்லை.

24 மார்ச் 2024

வயர் வேலை முடிந்தது என்று நினைத்தவுடன்தான் உண்மையான வேலை தொடங்கியது.

ஸ்கேனருக்கு வட்டம் மட்டும்தான் தெரியும். ஒஹாயோவின் கவுண்டிகள் பெரும்பாலும் கட்டம் கட்டமாகக் கிடக்கின்றன. பக்கத்துக்கு 20 மைல் உள்ள ஒரு சதுரக் கவுண்டியை எடுத்துக்கொள்ளுங்கள். ஆரத்தை 10 மைல் என்று வைத்தால் வட்டம் நான்கு பக்கங்களையும் தொட்டு நிற்கும்; நான்கு மூலைகளிலுமாகச் சேர்த்து ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் வெளியே விடுபட்டுப் போகும். மூலைகளையும் உள்ளே கொண்டுவர ஆரத்தை 14.2 மைலாக்கினால், பக்கத்துக் கவுண்டிகளின் நிலத்தில் பாதிக் கவுண்டிக்கும் மேலான பரப்பைச் சேர்த்து விழுங்கிவிடும். ஐ-71 நெடுஞ்சாலையில் கொலம்பஸிலிருந்து வடக்கே போனால் பிராங்க்ளின், டெலவேர், மோரோ, ரிச்லாந்து, ஆஷ்லாந்து, வெய்ன், மெடினா, கயாஹோகா என்று வரிசையாக வருகின்றன. எல்லாவற்றுக்கும் பெரிய வட்டம் போட்டால் எந்த இடத்திலும் மூன்று கவுண்டிகள் ஒரே நேரத்தில் பேசும். ஜிபிஎஸ் இல்லாமல் இருந்த நிலைக்கே திரும்பிவிடுவோம்.

இதற்காக ஞாயிற்றுக்கிழமை முழுவதையும் செலவிட்டு, வட்டங்கள் ஒன்றையொன்று தொடாத அளவுக்கு, நெடுஞ்சாலையின் இருபுறமும் சிறு சிறு வட்டங்களாகக் கோத்து வைத்திருக்கிறேன். ஓர் ஊசியில் மல்லிகைச் சரம் கட்டுவது போல இருந்தது. வரைபடத்தில் பார்க்க மிக அழகாக இருக்கிறது.

இதை எழுதும்போது ஒன்று உறைத்தது. நாம் எல்லோரும் மாட்யூலின் துல்லியம் இரண்டரை மீட்டரா ஐந்து மீட்டரா என்று பேசிக்கொண்டிருக்கிறோம். ஸ்கேனரின் வட்டத்துக்கு மைல் கணக்கு போதும். எழுபது மைல் வேகத்தில் ஒரு நொடியில் முப்பது மீட்டர் கடந்துவிடுகிறோம். அந்த முப்பது மீட்டரால் ஸ்கேனருக்கு எதுவும் மாறாது. இந்தக் கருவி மாட்யூலிடம் கேட்பது துல்லியத்தை அல்ல, அது விட்டுவிட்டுப் போகாமல் பேசிக்கொண்டே இருப்பதைத்தான்.

31 மார்ச் 2024

விட்டுவிட்டுப் பேசுவதற்கான காரணம் ஒன்று என் பையிலேயே இருந்தது.

மாட்யூல் வேலை செய்யும்போது 45 மில்லிஆம்பியர் அளவுக்கு இழுக்கும். ஸ்கேனரின் மூன்று ரீசார்ஜ் பேட்டரிகள் சேர்ந்து 3.6 வோல்ட் மட்டுமே தருவதால், அதை 5 வோல்ட்டாக உயர்த்த ஒரு சிறிய பூஸ்ட் கன்வர்ட்டர் பலகையைச் சேர்த்திருந்தேன். அன்றிலிருந்து ஸ்கேனர் கொஞ்சம் செவிடாகிவிட்டது. நான் கவனிக்கவில்லை. 162.550 மெகாஹெர்ட்ஸில் வரும் வானிலை வானொலியைக் கேட்டுக்கொண்டிருந்தபோது, குரலுக்கு அடியில் மெல்லிய ரம்பச் சத்தம் ஓடியது. வெற்று இரைச்சலை அடக்கும் ஸ்குவெல்ச்சைத் திறந்து வைத்துக்கொண்டு கன்வர்ட்டரின் வயரைப் பிடுங்கினேன், சத்தம் நின்றது. செருகினேன், வந்தது. ஐந்து முறை செய்து பார்த்தேன். நொடிக்கு லட்சக்கணக்கான முறை திறந்து மூடும் அந்தச் சிறு பலகை, ஆண்டெனாவிலிருந்து ஒரு சாண் தூரத்தில் தன் சொந்த வானொலி நிலையத்தை நடத்திக்கொண்டிருந்தது.

அதைக் கழற்றி எறிந்துவிட்டு, காரின் யூஎஸ்பி 5 வோல்ட்டிலிருந்து எம்சிபி1700 லீனியர் ரெகுலேட்டர் வழியாக 3.3 வோல்ட்டை நேராக மாட்யூலுக்குக் கொடுக்கிறேன். கேபிளின் இரண்டு முனைகளிலும் இரைச்சலைத் தடுக்கும் ஃபெரைட் வளையம் மாட்டினேன். ஆண்டெனாவிலிருந்து மாட்யூலை ஒரு முழம் தள்ளி, டாஷ்போர்டின் மேல் வைத்துவிட்டேன். இப்போது பிடுங்கினாலும் செருகினாலும் காதுக்கு வேறுபாடு தெரியவில்லை. இடுப்பில் மாட்டிக்கொண்டு நடப்பதற்கு இந்த ஏற்பாடு ஆகாது. நடப்பவருக்கு ஜிபிஎஸ் எதற்கு என்பதுதான் என் எண்ணம். ஒரு கவுண்டியை நடந்து கடக்க ஒரு பகல் வேண்டும்.

9 ஏப்ரல் 2024

நேற்று முழுச் சூரிய கிரகணம். கொலம்பஸ் நகரத்தின் பெரும்பகுதி முழு நிழலின் விளிம்புக்கு வெளியே மயிரிழையில் நின்றுவிட்டதால், லட்சக்கணக்கானவர்களைப் போல நாங்களும் ஐ-71இல் வடக்கே போனோம். மேன்ஸ்ஃபீல்ட் அருகே ஒரு வயலோரத்தில் நிறுத்தினோம். பிற்பகல் மூன்றேகால் மணி வாக்கில் மூன்று நிமிடங்களுக்குச் சற்று மேல் இருட்டு. பறவைகள் அடங்கின, தெருவிளக்குகள் எரிந்தன. அந்த மூன்று நிமிடமும் ஸ்கேனரை அணைத்து வைத்திருந்தேன் என்று இங்கே எழுதினால் நீங்கள் நம்பமாட்டீர்கள். அணைத்திருக்கவில்லை. மாட்யூலின் சிறு விளக்கு நொடிக்கு ஒருமுறை சிமிட்டிக்கொண்டே இருந்தது. சூரியன் மறைந்தால் ஜிபிஎஸ் போய்விடுமா என்று கேட்டவருக்கு இதுவே பதில். நிழல் கடக்கும்போது அயனமண்டலத்தின் அடர்த்தி குறைந்து கணக்கு சில மீட்டர் அசையலாம். மைல் கணக்கில் வாழும் ஸ்கேனருக்கு அது எட்டாது.

பாடம் திரும்பி வரும் வழியில்தான் கிடைத்தது. நெடுஞ்சாலை முழுவதும் ஒரே நிறுத்தம். ரிச்லாந்து வட்டம் முடிந்து மோரோ வட்டம் தொடங்கும் இடத்தில், நடையை விட மெதுவாக, இருபது நிமிடங்களுக்கு மேல் ஊர்ந்தோம். இரண்டு வட்டங்களும் ஒன்றையொன்று தொடாமல் நான் பார்த்துப் பார்த்துக் கோத்த சரம் அல்லவா அது? நடுவே இருந்த அரை மைல் இடைவெளியில் ஸ்கேனருக்கு எந்தக் கவுண்டியும் இல்லை. முன்னால் விபத்தா, சாலைப் பணியா என்று அறிய விரும்பிய ஒரே இடத்தில் பெட்டி மௌனமாக இருந்தது. அடுத்த வட்டத்தின் விளிம்பில் நின்றபோது, மாட்யூல் காட்டும் இடம் சில மீட்டர் அங்குமிங்கும் அசைந்ததால், ஸ்கேனர் மோரோவைச் சேர்ப்பதும் விடுவதுமாகத் தடுமாறியது. சேர்க்கும் ஒவ்வொரு முறையும், பல குழுக்கள் சில அலைவரிசைகளைப் பகிர்ந்துகொள்ளும் ட்ரங்க் அமைப்பின் கட்டுப்பாட்டு சானலை முதலிலிருந்து தேடிப் பிடிக்க வேண்டும். பிடித்து முடிப்பதற்குள் வெளியே தள்ளப்பட்டுவிடும்.

ஆகவே மார்ச் 24 குறிப்பில் நான் பெருமைப்பட்டுக்கொண்ட சரத்தை அறுத்துவிட்டேன். வட்டங்கள் ஒன்றின் மேல் ஒன்று இரண்டு, மூன்று மைலாவது ஏறிக்கிடக்க வேண்டும். எல்லைப்பகுதியில் இரண்டு கவுண்டிகளும் சேர்ந்து பேசுவது தொல்லை அல்ல; அங்கே நடக்கும் விபத்துக்கு இரண்டு பக்கத்து வண்டிகளும்தான் வரும்.

21 ஏப்ரல் 2024

இரண்டு வாரம் கார் எடுக்காமல் இருந்துவிட்டு நேற்று கிளம்பினால், திரும்பவும் கல்! பலகையிலுள்ள பொத்தான் பேட்டரி தீர்ந்து, மாட்யூல் எல்லா அமைப்புகளையும் மறந்து 9600 பாட்டுக்கே போய்விட்டது. நியோ-6எம் சிப்புக்குள் நிரந்தர நினைவகம் இல்லை. சில பலகைகளில் இதற்காக, மின்சாரம் போனாலும் மறக்காத தனி ஈஈப்ரோம் சிப் வைத்திருப்பார்கள். என்னுடையதில் அதற்கான இடம் மட்டும் காலியாக இருக்கிறது.

3.3 வோல்ட்டில் ஓடும் ஆர்டுயினோ ப்ரோ மினி என்ற மைக்ரோகன்ட்ரோலர் பலகை ஒன்றை நடுவே சேர்த்துவிட்டேன். மின்சாரம் வந்ததும் அது 9600 பாட்டில் ‘4800க்கு மாறு’ என்று ஒரு வரி அனுப்பும். பிறகு 4800இல் தேவையற்ற வாக்கியங்களை அணைக்கும் வரிகளை அனுப்பும். மாட்யூல் ஏற்கெனவே 4800இல் இருந்தால் முதல் வரி அதற்குப் புரியாத உளறலாகப் போய்விடும், கெடுதல் இல்லை. பொத்தான் பேட்டரி தீர்ந்ததால் வந்த இன்னொரு விளைவும் உண்டு. செயற்கைக்கோள் தன் பாதை விவரத்தை நொடிக்கு 50 பிட் என்ற ஆமை வேகத்தில், முப்பது நொடிச் சுற்றாகச் சொல்கிறது. நடுவே ஒரு பாலத்தின் கீழ் போய் ஒரு துண்டைத் தவறவிட்டால் அடுத்த சுற்றுக்குக் காத்திருக்க வேண்டும். வண்டி கிளம்புவதற்கு முன் ஒரு நிமிடம் நின்று விளக்கு சிமிட்டுவதைப் பார்த்துவிட்டுக் கிளம்பினால், ஊருக்குள் ஐந்து நிமிடம் தவிக்க வேண்டியதில்லை.

12 மே 2024

வெள்ளிக்கிழமை இரவு ஒஹாயோவிலேயே துருவ ஒளியைப் பார்த்தோம். 2003 அக்டோபருக்குப் பிறகு முதன்முறையாக, அளவுகோலின் உச்சமான ஜி5 அளவிலான புவிக்காந்தப் புயல். விதைப்புக் காலத்தின் நடுவே மத்திய மேற்கு மாநிலங்களில் ஜிபிஎஸ் வழிகாட்டும் டிராக்டர்கள் தடுமாறி, சில விவசாயிகள் விதைப்பையே நிறுத்தியிருக்கிறார்கள். அவர்களுக்கு வேண்டியது ஓரிரு சென்டிமீட்டர். கொல்லைப்புறத்தில் இளஞ்சிவப்பு வானத்தின் கீழ் என் ஸ்கேனரை எடுத்து வைத்துப் பார்த்தேன். வீட்டை வீடு என்றே சொல்லிக்கொண்டிருந்தது.

2 ஜூன் 2024

தெற்கே சின்சினாட்டி வழியாக லூயிவில் போகிறேன் என்று ஒருவர் எழுதியிருந்தார். ஒஹாயோ நதியைத் தாண்டினால் கென்டக்கி. அங்கும், மேற்கே இண்டியானாவிலும், காவல்துறை அலைவரிசையைக் கேட்கும் கருவியை வண்டியில் கொண்டுபோவதற்குச் சட்டத் தடை உண்டு. அமெச்சூர் வானொலி உரிமம் பெற்றவர்களுக்கு விலக்கு இருக்கிறது. டெக்னீசியன் உரிமத்துக்கு 35 கேள்விகளில் 26 சரியாக எழுதினால் போதும், உரிமம் வழங்கும் அமெரிக்க அரசு ஆணையமான எஃப்சிசியின் கட்டணம் 35 டாலர். நான் எழுதி வாங்கியதற்கு இதுதான் பாதிக் காரணம். எந்த இடத்தில் இருக்கிறோம் என்பது ஸ்கேனருக்குத் துல்லியமாகத் தெரியும். ஆனால் மாநில எல்லையைத் தாண்டிவிட்டோம் என்று நம்மிடம் சொல்வதில்லை. அந்த மாநிலத்தின் காவல் அலைவரிசையைச் சந்தோஷமாகத் திறந்துவிடுகிறது.

15 ஜூன் 2024

முதல் கேள்வியைக் கேட்ட வாசகர் மூன்றரை மாதத்துக்குப் பிறகு எழுதியிருக்கிறார். அவருடைய ஸ்கேனரின் துறை டிடிஎல் அளவிலேயே கேட்குமாம். பாட் வேகத்தையும் மெனுவிலேயே 9600 என்று மாற்றிக்கொள்ளலாமாம். மாட்யூலுக்கு யூஎஸ்பி பவர் பேங்கிலிருந்து தனியே மின்சாரம் கொடுத்துவிட்டு, ஸ்கேனருக்குத் தரை, தரவு என்று இரண்டே இரண்டு வயரை இழுத்திருக்கிறார். முதல் முறையிலேயே வேலை செய்தது. அவருடைய நண்பரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

அவருக்கு ஒரே ஒரு சந்தேகம்தான் இருக்கிறது. கிளம்பிய அரை நிமிடத்தில் மாட்யூலின் விளக்கு அணைந்துவிடுகிறது, பவர் பேங்கின் பொத்தானை அழுத்தினால் மறுபடி வருகிறது, மாட்யூல் பழுதா என்று கேட்கிறார். மாட்யூலில் பழுது இல்லை. 45 மில்லிஆம்பியர் என்பது பவர் பேங்குக்கு ஒரு பொருட்டே அல்ல. போன் சார்ஜ் ஏறி முடிந்துவிட்டது என்று நினைத்து அது தன்னைத்தானே அணைத்துக்கொள்கிறது. காரின் யூஎஸ்பிக்கு மாற்றிப் பாருங்கள். மாற்றும்போது வானிலை வானொலியை வைத்துக் கேட்டுக்கொண்டே மாற்றுங்கள்.